ஆயா பேர் என்ன?

அக்டோபர் கடைசியானால் போதும், போனைத் திறந்தாலே ஹாலோவீன் வீடியோக்கள்தான். பூசணிக்காயில் கண், மூக்கு, பல் எல்லாம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கிறார்கள். புது வீட்டு வாசலில் பூத முகம் வரைந்து நாம் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கிறது அது. "வெள்ளைக்காரன் பேய் விளையாட்டு" என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அதன் வேரைத் தேடிப் போனால் நம் புரட்டாசி அமாவாசைக்குப் பக்கத்தில் போய் நிற்போம்.

அயர்லாந்தில் வாழ்ந்த பழைய கெல்டிய மக்களுக்கு அக்டோபர் 31 மாலையில் தொடங்குவது 'சாவின்' திருநாள். தமிழில் படித்தால் பகீர் என்கிறது! அவர்கள் மொழியில் 'கோடை முடிவு' என்று பொருள் சொல்கிறார்கள். மலையில் மேய்ந்த மாடுகளைக் கீழே ஓட்டி வந்து, ஊர்ப் பொதுவில் நெருப்பு மூட்டுவார்கள். அன்று இரவு இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களுக்கும் சாப்பாடு எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது.

கிழக்கே ஸ்லாவிய மக்களிடம் இது இன்னும் நெருக்கம். பெலாரஸ் நாட்டில் இதற்கு 'ஜியாடி' என்று பெயர். அர்த்தம், தாத்தாக்கள். கதவைத் திறந்து வைத்து முன்னோரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பதார்த்தத்திலும் அவர்கள் பங்கைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவார்கள். நாம் காக்காய்க்கு வைக்காமல் இலையில் உட்காருவோமா? 1988 அக்டோபர் 30 அன்று, ஸ்டாலின் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை ஜியாடியை ஒட்டி நினைவுகூர மின்ஸ்க் நகரில் மக்கள் கூடினார்கள். கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தார்கள். தாத்தாவுக்குச் சோறு வைக்கும் நாளைப் பார்த்து ஓர் அரசாங்கமே பயந்திருக்கிறது.

இடையில் கிறிஸ்தவம் வந்தது. நவம்பர் 1 புனிதர்களுக்கு, நவம்பர் 2 இறந்தோர் அனைவருக்கும் என்று ஆனது. பழைய திருநாளை வைத்துத்தான் தேதி குறித்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. நம்மூர்க் கல்லறைத் திருநாளும் அந்த நவம்பர் 2தான்.

நம் மகாளய பட்சம் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி அமாவாசையில் முடிகிறது. 2024-ல் அந்த அமாவாசை அக்டோபர் 2 அன்று வந்தது. 2025-ல் செப்டம்பர் 21. நெசவாளர் வீடுகளில் அமாவாசையன்று தறியில் உட்காரக் கூடாது என்பது பழைய வழக்கம். எங்கள் ஜலகண்டாபுரம் பக்கத்துக்காரர்கள் மேட்டூர்க் காவிரிக்கோ, பவானி கூடுதுறைக்கோ கிளம்புவார்கள்.

அங்கே படித்துறையில் உட்கார்ந்ததும் மூன்று தலைமுறைப் பேர் கேட்பார்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா வரை எப்படியோ வந்துவிடும். நிலப் பத்திரத்தில் 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதியிருக்கிறதே! பெண்கள் பேர் வரும்போதுதான் திணறல். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். மேட்டுக்காட்டு ஆயா, தறிக்கார ஆயா என்றே கூப்பிட்டுப் பழகி, நிஜப் பேர் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அவர் பேரில் பத்திரமும் கிடையாது. உடனே ஊரில் இருக்கும் அத்தைக்கு போன் பறக்கும். அத்தைக்கும் தெரியாவிட்டால் அதோடு சரி.

பெலாரஸ் பக்கம் சில வட்டாரங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை தாத்தாக்களுக்கு, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பாட்டிகளுக்கு என்றே தனி நாள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆயாவோ அம்மாயியோ நல்லபடியாக இருக்கும் வீடுகளில், அவரைப் பெற்றவர் பேரையும், அந்த அம்மாளைப் பெற்றவர் பேரையும் கேட்டு குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டு வையுங்கள். அவர்களுக்குப் பிடித்த பலகாரம் எது என்றும் கேளுங்கள். எல்லோருக்கும் உளுந்து வடைதான் பிடிக்கும் என்று நாமாக முடிவு செய்து, வருஷா வருஷம் அதையே சுட்டுக்கொண்டிருக்கிறோம். கச்சாயம் கேட்ட ஆயா யாராவது இருந்திருப்பார்.