‘மேலிடம்’ எங்கே இருக்கிறது?

கடந்த விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, அம்மாவுடன் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி. நான் படித்த பள்ளி. இப்போது என் தங்கை அங்கே நான்காம் ஆண்டு படிக்கிறாள். காலையில் கொழுந்து வெட்டிவிட்டு, அவசரமாகக் குளித்து, ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்திருந்தார் அம்மா.

கூட்டத்தில் ஒருவர் நூலகத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கேட்டார். “மேலிடத்தில் சொல்லியிருக்கிறோம்” என்று பதில் வந்தது. இன்னொருவர், மாற்றலாகிப் போன ஆசிரியருக்குப் பதிலாக எப்போது ஆள் வரும் என்று கேட்டார். “மேலிடத்து முடிவுக்குக் காத்திருக்கிறோம்” என்றார்கள். கடைசியாக அம்மா கை தூக்கினார். “என் மகன் இங்கே நன்றாகத்தான் படித்தான். முதலாம் படிவத்துக்குப் போனதும் மலாய்ப் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் திணறிவிட்டான். சின்னவளுக்கும் அப்படி ஆகாமல் இருக்க, இப்போதே நான் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?” என்று கேட்டார். அதற்கு மட்டும் யாரும் மேலிடத்தைக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு தேநீர் கொடுத்தார்கள்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பள்ளி ஆசிரியர்கள் எனக்கு எழுத்தறிவித்தவர்கள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு கேள்வி மட்டும் மனத்தைக் குடைந்தது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களுக்கும் மேலே இருக்கும் அந்த ‘மேலிடம்’ எது?

பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கும் நான், அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு ஆண்டுகள் அரசாங்கப் பள்ளிகளில் படித்த எனக்கு, ஒரு பள்ளியை யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள் என்பதே தெரியாமல் இருந்தது. உங்களில் பலரும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மேலிடம் ஒன்றல்ல, மூன்று. முதல் படி மாவட்டக் கல்வி இலாகா. இரண்டாம் படி குவாந்தானில் இருக்கும் பகாங் மாநிலக் கல்வி இலாகா. மூன்றாம் படி புத்ராஜெயாவில் உள்ள கல்வியமைச்சு. நம் நாட்டில் கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. ஆசிரியர் நியமனம், சம்பளம், பாடத்திட்டம் எல்லாம் மூன்றாம் படியில் முடிவாகின்றன. மாவட்ட இலாகா மேற்பார்வையிடுகிறது, பயிற்சி தருகிறது, அறிக்கைகளைத் தொகுத்து மேலே அனுப்புகிறது. 2013 முதல் 2025 வரையிலான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் மாவட்ட இலாகாக்களை வலுப்படுத்த முயன்றது. பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்களுக்கு நேரடியாக வழிகாட்டும் பயிற்றுநர்களை அது மாவட்ட அளவில் நியமித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கூரைக்கான பணம் மாவட்ட அதிகாரியின் மேசை இழுப்பறையில் இருப்பதில்லை.

இதில் எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் எங்கள் மருத்துவமனைப் பயணம், துணிக்கடை, உறவினர் வீடு எல்லாம் பேராக் பக்கம். தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கினால் போதும். குவாந்தானுக்குப் போவதென்றால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நாள் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒரு பெற்றோர், பிள்ளையின் பள்ளிக்காக ஒருமுறையாவது அந்த அலுவலகத்தின் வாசலை மிதித்திருப்பாரா?

அமெரிக்காவில் வேறு வழக்கம். அங்கே ‘பள்ளி மாவட்டம்’ என்பது தனி ஆட்சி அமைப்பு. பெரும்பாலான இடங்களில் அதன் வாரியத்தை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணத்தில் ஒரு பெரும்பகுதி உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. வரவு செலவை வாரியக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கலாம். ஆனால் அதிலும் பெரிய குறை உண்டு. வசதியானவர்கள் வாழும் மாவட்டத்தில் பள்ளிக்குப் பணம் கொட்டும், ஏழைகளின் மாவட்டத்தில் சொட்டும். அந்த முறை இங்கே இருந்தால் தேயிலைத் தோட்டத்துப் பள்ளி எப்போதோ மூடப்பட்டிருக்கும். தலைநகரில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் எங்கள் மலையில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் ஒரே அரசாங்கம் சம்பளம் தருவது நம் முறையின் பெரும் நன்மை. அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்கிறேன்.

அடுத்தது பணம். இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

தோட்டப் பள்ளிகள் கல்வி இலாகா கட்டியவை அல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத்துத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் நிலைமை அதுதான். நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று நாடு முழுவதும் சுமார் 530. அவற்றில் 37 பகாங்கில் உள்ளன. எங்கள் மலையில் போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தோட்டப் பெயர்களைத் தாங்கிய பள்ளிகள் இன்றும் இருக்கின்றன.

தோட்ட நிலத்தில் பிறந்ததால் பல பள்ளிகள் இன்னமும் ‘அரசாங்க உதவி பெறும் பள்ளி’ என்ற வகையில்தான் இருக்கின்றன. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது. ஆனால் நிலம் அரசாங்கத்துடையது அல்ல. எனவே புதுக் கட்டடம், பெரிய மராமத்து என்று வரும்போது நில உரிமையாளரின் சம்மதம், பள்ளி வாரியத்தின் முயற்சி, சிறப்பு ஒதுக்கீடு என்று பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 5 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. கேட்பதற்குப் பெரிய தொகை. பள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், சராசரியாக ஒரு பள்ளிக்கு ஒரு லட்சம் வெள்ளி கூட வராது. அதிலும் நம் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று நம் பெற்றோர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்றாடச் செலவுக்கு வரும் மானியம் மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. கணக்கியல் மாணவியாக எனக்கு உறுத்துவது இதுதான். ஓர் உதாரணத்துக்கு, 30 பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் 600 பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் எடுத்துக்கொள்வோம். சிறிய பள்ளிக்கு மானியம் குறைவு. ஆனால் மழை தலையை எண்ணிக்கொண்டு பெய்வதில்லை. அச்சுப்பொறி பழுதானால் இரண்டு பள்ளிக்கும் ஒரே விலைதான். போட்டிக்குப் பத்துப் பிள்ளைகளை அழைத்துப் போனாலும் வேன் வாடகை அதேதான். மலைப்பாதை என்றால் இன்னும் கூடுதல்.

எங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவது உண்மை. அப்பா காலத்தில் பெரட்டுக்கு நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று அந்த இடத்தில் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். நம்மவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். 150 மாணவர்களுக்குக் குறைவாக இருந்தால் ‘மாணவர் குறைந்த பள்ளி’ என்பது அமைச்சின் கணக்கு. தோட்டப் பள்ளிகள் பலவற்றுக்கு அந்த எண் எட்டாத உயரம்.

மூன்றாவது, கல்வித் தரம். அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

நான் 2017இல் யு.பி.எஸ்.ஆர். எழுதினேன். எட்டுத் தாள்கள். அந்தத் தேர்வைப் பற்றி எனக்கு இனிமையான நினைவுகள் கிடையாது. ஆனால் முடிவு வந்த நாளில் அம்மாவுக்கு ஒன்று தெரிந்தது: மற்றதெல்லாம் பரவாயில்லை, மலாய்க் கட்டுரையில் நான் பலவீனம். அந்த ஆண்டு இறுதி விடுமுறை முழுவதும் அண்டை வீட்டு அக்காவிடம் என்னை மலாய் படிக்க அனுப்பினார். 2021இல் யு.பி.எஸ்.ஆர். ரத்தானது. தம்பி ஆறாம் ஆண்டு முடித்தபோது பொதுத்தேர்வு இல்லை. பள்ளியே நடத்தித் திருத்தும் மதிப்பீடும், 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளும் இருந்தன. அவனுடைய அறிக்கையில் ‘3’ என்று இருந்ததைப் பார்த்த அம்மா, ஆறுக்கு மூன்று, பாதி தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். இடைநிலைப்பள்ளியில் வரலாற்றுப் பாடநூலைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஓர் ஆண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

யு.பி.எஸ்.ஆர். திரும்ப வர வேண்டும் என்பது என் வாதமல்ல. ஐந்து பேர் மட்டும் தேர்வு எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அன்று காய்ச்சல் வந்தால் தேர்ச்சி விகிதம் 20 விழுக்காடு சரிந்துவிடும். அப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒரு பள்ளியை ‘நல்லது’, ‘கெட்டது’ என்று முத்திரை குத்துவது அநியாயம். ஆனால் எண்ணே வேண்டாம் என்று இருந்துவிட்டால், கஷ்டப்படும் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. பள்ளிகளுக்கிடையே போட்டிப் பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு பெற்றோருக்கும் தன் பிள்ளை எங்கே நிற்கிறது என்று புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். தமிழில், எளிமையாக, நான்காம் ஆண்டிலேயே.

சிலர், “இத்தனை தொல்லை எதற்கு? சிறிய பள்ளிகளை ஒன்றாக இணைத்துவிட்டால் போதுமே” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இணைந்த பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி ஆசிரியர் கிடைக்கலாம், விளையாட ஒரு முழுக் குழுவே கிடைக்கலாம். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இடம்பெயர்ந்து, பெயரில் மட்டும் ‘தோட்டம்’ என்ற சொல்லைச் சுமந்துகொண்டு நன்றாக இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் உள்ளன. ஆனால் எங்கள் மலையில் மழைக்காலத்தில் மண்சரிந்து சாலை மூடும். ஏழு வயதுப் பிள்ளை விடியற்காலை இருட்டில் வேனுக்கு நிற்க வேண்டும். அந்த வேனுக்கு யார் பணம் தருவது? எனவே இணைப்பதா வேண்டாமா என்பதைக் கோஷம் போட்டுத் தீர்மானிக்க முடியாது. செலவு, பயண நேரம், பிள்ளைகளின் நிலை மூன்றையும் மேசையில் வைத்து, பெற்றோரையும் உட்காரவைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

‘தமிழ்ப்பள்ளியைக் காப்போம்’ என்று நாம் மேடையில் முழங்குகிறோம். காக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு பள்ளியின் வரவு செலவையும் பிள்ளைகளின் நிலையையும் தெரிந்துகொள்ளாமல் எதைக் காக்கிறோம்?

என் வேண்டுகோள் மூன்று. ஒன்று: ஒவ்வொரு பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்திலும் பள்ளி ஒரே ஒரு பக்க அறிக்கை தர வேண்டும். எவ்வளவு பணம் வந்தது, எங்கே போனது, எத்தனை பிள்ளைகள் மலாயிலும் கணிதத்திலும் பின்தங்கியிருக்கிறார்கள், எந்த விண்ணப்பம் எந்தப் படியில் நிற்கிறது என்று அதில் இருந்தால் போதும். யார் பெயரும் வேண்டாம். இரண்டு: மலைப்பகுதியின் சிறிய பள்ளிகளுக்கு மானியம் கணக்கிடும்போது தலைகளை மட்டும் எண்ணாமல், தூரத்தையும் பராமரிப்புச் செலவையும் அமைச்சு கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றாவது வேண்டுகோள் அரசாங்கத்துக்கு அல்ல, நமக்கு.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் பள்ளிகளுக்கு வாரியம் உண்டு. உதவி பெறும் பள்ளிகளின் வாரியத்தில் முன்னாள் மாணவர்களுக்கும் இடமுண்டு. நாம்தான் போய் உட்காருவதில்லை. இதை எழுதும் எனக்கும் இதில் பங்கு உண்டு. பன்னிரண்டு வயதில் அந்தப் பள்ளியை விட்டுப் போனவள், விளையாட்டுப் போட்டிக்கும் பொங்கல் விழாவுக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்ததில்லை. தமிழ்ப்பள்ளியிலும் தேசிய மொழி இடைநிலைப்பள்ளியிலும் படித்த நமக்கு அம்மாவின் கேள்வியும் புரியும், இலாகாவின் படிவமும் புரியும். இரண்டுக்கும் நடுவே நிற்கக்கூடியவர்கள் நாம்தான்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், அம்மாவின் கேள்வியை மலாயில் எழுதிக் கடிதமாக்கினேன். ஒரு பிரதி தலைமையாசிரியருக்கு, ஒரு பிரதி மாவட்ட இலாகாவுக்கு. கையெழுத்துப் போடுமுன் அம்மா கேட்டார், “இதனால் பள்ளிக்குக் கெட்ட பெயர் வருமா?” வராதம்மா என்றேன். அவர் இரண்டு முறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நிதானமாகத் தமிழில் கையெழுத்திட்டார்.

பதில் இன்னும் வரவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம். உங்கள் பள்ளியின் கூட்டம் எப்போது?