பிடிக்கவில்லை என்றும் சொல்லுங்கள்

காலையில் எழும்பிப் போனைத் திறந்தால் யாராவது ஒரு பாட்டு அனுப்பியிருப்பார்கள். ரொறன்ரோவிலிருந்து மச்சான், லண்டனிலிருந்து பெறாமகள், கோண்டாவிலில் இருந்து பழைய கூட்டாளி. பாட்டின் கீழே ஒரு சொல் இராது. ஏன் அனுப்பினார்கள், எந்த இடத்தில் மயங்கினார்கள், ஒன்றும் தெரியாது. பதிலுக்கு நாங்களும் ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். பாட்டு ஐந்து நிமிடம். பெருவிரல் போவது பத்துச் செக்கனில். கேளாமலே "அருமை" போடுகிற இந்தப் பழக்கம் எங்கள் இரசனையையும், அதைவிட மோசமாக எங்கள் ஊர்க் கலைஞர்களையும் கெடுக்கிறது என்பது என் கட்சி.

இதைச் சொல்ல எனக்கு ஓரளவு தகுதி உண்டு. 1986இல் சுன்னாகத்தில் ஒரு றெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பாட்டு விற்ற கடை என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. கொப்பித் தாளில் பாட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு வருவார்கள். கூடவே ஒரு வெறுங் கசெற். இசைத்தட்டைச் சுழலவிட்டு ஒவ்வொரு பாட்டாக நாங்கள் பதிந்து கொடுக்கவேண்டும். அறுபது நிமிடக் கசெற் நிறைய அறுபது நிமிடமும் செல்லும், குறுக்குவழி கிடையாது. பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டுத்தான் பிடிக்கும். ஆகவே ஒரு பாட்டை உள்ளே விட இன்னொன்றை வெளியே தள்ளவேண்டும். கடை வாங்கிலிருந்து கூட்டாளிமார் அதற்காகப் போட்ட சண்டைகளை எழுதினால் இந்தப் பத்திரிகை முழுவதும் காணாது.

பட்டியலின் அடியில் பலர் ஒரு வரி எழுதுவார்கள்: "இடம் மிஞ்சினால் நீங்களே ஒண்டு போடுங்கோ அண்ணை." அந்த மிஞ்சிய நாலு நிமிடந்தான் எங்களுக்குப் பரீட்சை. அந்த ஆளின் பட்டியலை வைத்து அவருடைய காதை மட்டுக்கட்டி, அவர் கேட்டிராத ஒரு பாட்டைப் போட்டுவிடுவோம். அடுத்த கிழமை தீர்ப்பு வரும். "அந்தக் கடைசிப் பாட்டு என்ன படம்?" என்று கேட்டால் தேறிவிட்டோம். "என்ர கசெற்றைப் பழுதாக்கிப்போட்டாய் தம்பி, அதை அழிச்சுப்போட்டு வேற போடு" என்றால் தோற்றுவிட்டோம். முகத்துக்கு நேரே சொல்வார்கள். கோபிக்கமாட்டோம். காசு கொடுத்து வாங்கிய கசெற்றில் பிடிக்காத பாட்டைச் சுமக்க அவர்களுக்கு என்ன தலைவிதி?

கசெற்றின் முதுகில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. மனம் நிறைந்தவர்கள் "பல்லை உடைச்சுவிடு" என்பார்கள். பல் உடையாத கசெற் திரும்பி வரும் என்று எங்களுக்குத் தெரியும். பல்லை உடைத்துவிட்டுப் பிறகு மனம் மாறி, அந்த ஓட்டையில் செலோரேப் ஒட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அப்படி ஒட்டிக்கொண்டு வந்தவர்களின் சொல்லைத்தான் நான் அதிகம் நம்பினேன்.

நான் கடையில் சேர்ந்த ஆண்டுதான் இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" என்ற வாத்திய இசைத்தொகுப்பு வந்தது. எங்கள் கடைக்கு வரும் ஒரு சங்கீத மாஸ்ரர், வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே அதைக் கேட்கவேண்டும் என்று வருகிற பொடியன்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவன் நம்பி முழுக் கசெற்றும் பதிந்துகொண்டு போனான். இரண்டு நாளில் திரும்பி வந்து, "மாஸ்ரர், இதிலை பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டான். கடையே சிரித்தது. மாஸ்ரர் சிரிக்கவில்லை. அவனைப் பக்கத்தில் இருத்தி, பாக் என்ற ஜேர்மன்காரரின் இசைமுறையும் எங்கள் இராகமும் எங்கே கைகோக்கின்றன என்று சுழலவிட்டுக் காட்டினார். அவன் ஒப்புக்கொண்டானா என்றால், இல்லை. "விளங்குது மாஸ்ரர், ஆனால் பிடிக்கேல்லை" என்றான். அதற்கும் மாஸ்ரர் தலையாட்டினார். அந்தப் பதிலுக்குள் இருந்த மரியாதையை நான் இன்று எந்தப் பெருவிரலிலும் காணவில்லை.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்க, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கடை பூட்டியாயிற்று. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து உயிர்ப்பிக்கப் பார்த்தோம். அதுவும் சரிவராமற்போகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் றெக்கோடர் கேட்டோம். முதலில் பிபிசி தமிழோசைச் செய்தி, பிறகு பாட்டு. கை தளர்ந்தால் ஜேசுதாஸின் குரலும் தளர்ந்து இழுபடும். பாட்டைத் தெரிவுசெய்யும் உரிமை சுற்றுகிறவனுக்குத்தான் என்பது எழுதாத சட்டம். "உதுக்கு என்னாலை சுத்தேலாது" என்று அவன் கையை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டின் கதை முடிந்தது. அதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

அதற்கு முந்திய தலைமுறையும் இலேசுப்பட்டதல்ல. 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். 1957இல் விவித் பாரதி வரும்வரை தமிழகத்துச் சனமும் கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலியைத்தான் திருப்பியது. அங்கே அறிவிப்பாளராக இருந்த மயில்வாகனத்தின் குரலுக்குக் கடல் தாண்டியும் தபாலட்டைகள் வந்தன. வடக்கே ஜும்ரி தலையா என்ற அப்பிரகச் சுரங்க ஊர், பாட்டுக் கேட்டு எழுதிய கடிதங்களாலேயே இந்தியா முழுதும் பெயரெடுத்தது. முத்திரைக்குக் காசு கொடுத்து, பெயரையும் ஊரையும் எழுதி, அதை நாடே கேட்க வாசிக்கவிட்டு ஒரு பாட்டை விரும்பினார்கள்.

கோயில் வீதியில் இன்னும் கடுமை. அளவெட்டியில் வாழ்ந்து 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் கச்சேரிகளைப் பற்றி அப்பா சொல்வார். முன்வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி விவசாயியும் கடைக்காரரும் இருப்பார்களாம். முடிவுத் தாளக் கோர்வையான தீர்மானம் சரியாக வந்து விழுந்தால் "சபாஷ்". சும்மா வேகம் காட்டினால் ஒரு சத்தமும் இராது. அப்படியொரு சபைக்கு முன்னால் எந்த வித்துவான்தான் அலட்சியமாக வாசிப்பான்?

இன்றைக்கு வருவோம். 2024 பெப்ரவரி 9 யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரன் பாட வந்தார். சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போய், நிகழ்ச்சி குழம்பியது. பிறகு பல நாள் ஊரெல்லாம் அதே கதை: ரிக்கெற், கதிரை, பொலிஸ், யார் பிழை. ஹரிஹரன் அன்று எந்தப் பாட்டை எப்படிப் பாடினார் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. கேட்டும் பார்த்தேன். "வீடியோ எடுத்தனான், அனுப்பவோ?" என்றார்கள்.

எங்கள் பிள்ளைகள் இப்போது சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு யூரியூப்பில் விடுகிறார்கள். நல்ல விஷயம். கீழே பார்த்தால் "வாழ்த்துக்கள் தம்பி", "வேற லெவல்", "தொடர்ந்து பயணியுங்கள்". சுருதி விலகியதையோ, வரிகள் சென்னைச் சினிமாவின் எச்சிலாக இருப்பதையோ யாரும் சொல்வதில்லை. இரண்டாவது சரணத்தில் வந்த ஒரு நல்ல சங்கதியைக்கூட யாரும் குறித்துச் சொல்வதில்லை, அதுதான் எனக்கு இன்னும் கவலை. முழுவதும் கேட்டவனால் மட்டுமே அதைச் சொல்ல முடியும்.

யாழ்ப்பாணத்தானுக்கு நொட்டை சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் நொட்டை சொல்வது ஆளின் பின்னால், அதுவும் பாட்டைப் பற்றியல்ல: "அவன்ர தகப்பன் ஆர்?", "காசு எங்காலை?" முன்னால் வாழ்த்து, முதுகுக்குப் பின்னால் ஏளனம். இந்த இரண்டிலும் ஒரு இளம் பாடகன் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. றெக்கோடிங் பார் வாங்கில் நடந்தது நேர்மாறு. ஆளை விட்டுவிட்டுப் பாட்டைத்தான் அடித்தோம்.

ஆகவே என் வேண்டுகோள் பெரிதல்ல. பாட்டு அனுப்பினால் எதற்காக அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். "மூன்றாவது நிமிடத்தில் வரும் புல்லாங்குழலைக் கேள்" என்பது போதும். உங்களுக்கு வந்தால் கேட்டுவிட்டுப் பதில் போடுங்கள். இரண்டு நாள் பிந்தினாலும் குற்றமில்லை. ஊர்ப் பிள்ளை ஒருவர் பாட்டு வெளியிட்டால் முழுவதும் கேளுங்கள். நல்ல இடத்தை எல்லாரும் காணப் பொதுவில் எழுதுங்கள். பிழையான இடத்தை அவருக்குத் தனியாக, எந்த வரி, எந்த இடம் என்று குறித்து எழுதுங்கள். இந்தக் கட்டுரைக்கும் அதே விதிதான். பிடிக்காவிட்டால் எந்தப் பந்தியில் பிடிக்கவில்லை என்று ஆசிரியருக்கு எழுதுங்கள்.