திரும்புமுன் தேர்ந்தெடுப்போம்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் எனத் தண்ணீர் பிரிவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் போகவேண்டிய தண்ணீர் புது ஆற்று மதகிலேயே பிரிந்துவிட வேண்டும். வெண்ணாற்றில் நெடுந்தூரம் ஓடிய பிறகு கரையை உடைத்துக்கொண்டு அது திரும்பினால் நடுவிலுள்ள வயல்களின் கதி என்ன? நம் சாலைகளில் பல வாகனங்கள் அன்றாடம் செய்வது இதைத்தான்.

திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடையே நான்கு வழிச் சாலை வந்தபின் பயணம் எளிதாயிற்று. ஆனால் சாலை அகன்ற அளவுக்கு அதில் செல்லும் முறை நம் மனத்தில் அகலவில்லை. நடுத்தடுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் வெள்ளைக் கோடு பிரிக்கும் இரண்டு தடங்கள் உள்ளன. இடப்பக்கம் திரும்புகிறவர் முன்னதாகவே இடது தடத்துக்கு வந்துவிட வேண்டும். வலப்பக்கம் திரும்புகிறவர் முன்னதாகவே நடுத்தடுப்பை ஒட்டிய தடத்துக்கு வந்துவிட வேண்டும். திரும்பிய பின்னும் புதிய சாலையில் நமக்குரிய இடப்பக்கத்திலேயே சேர வேண்டும். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றுக்குப் பின் 2017இல் வந்த ஓட்டுநர் விதிமுறைகளும் கேட்பதன் சாரம் இதுவே.

'முன்னதாகவே' என்னும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மொபெட் திடீரென்று வலப்பக்கம் வெட்டித் திரும்பினால், ஓட்டுநர் அதைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த 17 மீட்டரும் போய்விடும். அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கணக்கு மாறாது. ஆகவே, முதலில் கண்ணாடியில் பின்னால் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, இடம் கிடைத்ததும் தடம் மாறி, பிறகே திரும்புவது முறை. இண்டிகேட்டரைப் போட்ட உடனே சாலை நமக்குச் சொந்தமாகிவிடாது. அது நம் எண்ணத்தைப் பிறருக்குச் சொல்வதே அன்றி, வழிவிடச் சொல்லும் கட்டளை அன்று.

திரும்ப வேண்டிய இடம் தவறிவிட்டால் என்ன செய்வது? தவறியது தவறியதுதான். நேரே சென்று அடுத்த இடைவெளியில் திரும்பி வரலாம். அதற்குச் சில நிமிடங்களும் சிறிது எண்ணெயும் செலவாகும். அவற்றை மிச்சப்படுத்தக் கடைசி நொடியில் குறுக்கே பாய்வதும், எதிர்த்திசையில் ஓரமாக வருவதும் உயிரைப் பணயம் வைத்து ஆடும் சூதாட்டமே.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நம் ஊர்ப்பக்கம் வீடு சாலைக்கு ஒரு புறமும் வயல் மறுபுறமுமாக இருப்பவர்கள் பலர். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்துக்கும், வைக்கோலோடு வீட்டுக்கும் செல்லும் டிராக்டரை நெடுந்தூரம் சுற்றி வரச் சொல்வது எளிது, செய்வது அரிது. எதிர்த்திசையில் வருகிறவர் எல்லாரும் திமிர் பிடித்தவர் அல்லர். ஊர்களை ஒட்டி அணுகு சாலையும், அடியில் கடக்கச் சுரங்கப் பாதையும், திரும்பும் இடத்தை முன்கூட்டியே சொல்லும் பலகையும் அமைத்துத் தருவது சாலை போடுவோரின் கடமை. அவை கிடைக்கும்வரை நம் உயிரை நாமே காத்துக்கொள்வது நம் கடமை.

நடப்பவர்களையும் சைக்கிளில் செல்பவர்களையும் மறக்கலாகாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்கு எத்தனையோ பேர் காவி உடுத்தித் தஞ்சை வழியாக நடந்து செல்கின்றனர். அவர்கள் செல்வது சாலை ஓரத்தில். வலது தடத்தில் விரைந்து வந்து திடீரென இடப்பக்கம் திரும்பும் வாகனம் அவர்கள் நடுவில்தான் புகும். பேருந்து, லாரி போன்ற நீண்ட வாகனங்கள் திரும்பும்போது அவற்றின் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் வராது. உட்புறமாக நெருங்கி வரும். இடப்பக்கம் திரும்பும் பேருந்துக்கும் சாலை ஓரத்துக்கும் இடையே சைக்கிளை நுழைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து உணரலாம். அந்த இடத்தில் நாம் நிற்பது ஓட்டுநரின் கண்ணுக்கே படாமல் போகலாம்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. நம் வயதுத் தோழியர் பலர் அடுத்த ஆண்டு அதில் ஏறிப் பெருஞ்சாலைக்கு வருவார்கள். சைக்கிள் ஓட்ட உரிமம் தேவையில்லை. ஆகையால் விதி தெரியுமா என்று நம்மை யாரும் சோதிப்பதில்லை. சோதனை இல்லாத இடத்தில்தான் போதனை மிகுதியாக வேண்டும். சைக்கிளில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வேகமான வாகனங்களின் குறுக்கே போக வேண்டாம். இடது ஓரமாகவே சந்திப்பு வரை சென்று, இறங்கி, இருபுறமும் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கலாம். இதை மிதிவண்டி வழங்கும் நாளுக்கு முன்பே விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு மணி நேரம் பழக்கினால் போதும் என்பது எங்கள் கருத்து.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். காலையில் மணியடிக்கும் நேரத்தில், எதிரே தெரியும் பள்ளி வாயிலுக்காகச் சாலையை வெட்டித் திரும்பாதீர்கள். பின்னால் அமர்ந்திருக்கும் நாங்கள் புத்தகத்தில் படிக்கும் விதியைவிட, உங்கள் தோளுக்கு மேலாகப் பார்க்கும் விதியையே கற்றுக்கொள்கிறோம். இரண்டு நிமிடம் தாமதமானால் சகோதரிகள் மன்னிப்பார்கள்.

தன்னைப்போல் பிறரையும் நேசி என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். சாலையில் அந்தப் பிறர் நமக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். அவருக்கும் ஒரு வீடு உண்டு; காத்திருக்கும் மக்கள் உண்டு. எங்கே திரும்பப் போகிறோம் என்பதை அவருக்கு முன்னதாகவே தெரிவிப்பதும் பிறரன்பின் ஒரு செயலே.