ஆற்றுக்கு மார்க் போடுகிறவர்கள்

சில வருடங்களுக்கு முன் அலுவலக நண்பர்களோடு நாகலாபுரம் மலைக்கு ட்ரெக்கிங் போயிருந்தேன். சென்னை ஐடி ஆட்களுக்கு அது ஒரு சடங்கு. விடிவதற்குள் ஓஎம்ஆரில் வேன் ஏறி, ஆந்திர எல்லை தாண்டி, பாறை பாறையாகத் தாவி, கடைசியில் ஒரு சுனையில் குதிப்பது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரி மேலிருந்தே தெரியும். ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த டீம் லீட் சொன்னார்: "இதையெல்லாம் கவர்மென்ட் அப்படியே பாதுகாக்கணும் ப்ரோ. அமெரிக்காவுல இதுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு." எல்லோரும் தலையாட்டினோம். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் கேட்டார், "உங்க ஏரியாவுல ஆறு ஏதாவது உண்டா?"

நான் திருவொற்றியூர்க்காரன். "இருக்கு. கொசஸ்தலை" என்றேன்.

"ஓ, எண்ணூர்ல சாம்பல் கலக்குதே, அதுவா? அது ஆறு இல்ல ப்ரோ. ட்ரெயினேஜ்."

சிரித்துவைத்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த அமெரிக்கச் சட்டம். 1968 அக்டோபர் 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது. காட்டு ஆறுகள், எழில் ஆறுகள் சட்டம் என்று தமிழில் சொல்லலாம். ஓர் ஆறு அந்தப் பட்டியலுக்குத் தகுதி பெற இரண்டு விஷயங்கள் வேண்டும். தடையில்லாமல் ஓட வேண்டும். குறிப்பிட்டுச் சொல்லும்படியான ஒரு மதிப்பாவது அதற்கு இருக்க வேண்டும். அந்த மதிப்பு இயற்கைக் காட்சியாக இருக்கலாம். மீன், வனவிலங்கு, நிலவியல், வரலாறு, பண்பாடு என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். அப்படித் தேறிய ஆற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: மனிதக் கை படாதது, ஓரளவு பட்டது, கரையில் சாலையும் ரயிலும் வீடுகளும் வந்துவிட்டது.

மூன்றாவது வகையை நம் ஆட்கள் யாரும் சொல்வதில்லை. பழைய அணை இருந்த ஆறுகூட அந்த வகையில் சேர முடியும். 1999-ல் மாசசூசெட்ஸில் சட்பரி, அசபெட், கான்கார்ட் என்ற மூன்று ஆறுகளின் சில பகுதிகளைப் பட்டியலில் சேர்த்தார்கள். பாஸ்டனின் புறநகரில் ஓடும் ஆறுகள் அவை. அவற்றுக்குச் சொல்லப்பட்ட மதிப்புகளில் ஒன்று என்ன தெரியுமா? இலக்கியம். தோரோவும் எமர்சனும் ஹாதோர்னும் அந்தக் கரைகளில் வாழ்ந்து எழுதினார்கள் என்பது ஓர் ஆற்றைப் பாதுகாக்க ஒரு சட்டக் காரணமாகியிருக்கிறது.

ஆக, அந்தச் சட்டத்துக்கே "சுத்தமான மலை ஆறு மட்டும்தான் ஆறு" என்ற எண்ணம் கிடையாது. அந்த எண்ணம் நம்முடையது. மலையில் இருந்தால் ஆறு, ஊருக்குள் வந்தால் சாக்கடை என்று நாமே பிரித்துவைத்திருக்கிறோம். இந்தியாவில் எழில் ஆறுகளுக்குத் தனிச் சட்டம் இல்லை. இருப்பதற்குள் பக்கத்தில் வரக்கூடியது, 2012 டிசம்பரில் பாகீரதி ஆற்றின் மேல்பகுதிக்கு, கௌமுக்கிலிருந்து உத்தரகாசி வரை சுமார் 100 கிலோமீட்டருக்கு, அறிவிக்கப்பட்ட சூழல் கூர்உணர்வு மண்டலம். நல்ல விஷயம்தான். ஆனால் அதுவும் மலைதான்.

இப்போது நாகலாபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நகரி மலைகளுக்கு வாருங்கள். அங்கிருந்து வரும் நகரி ஆறு பூண்டியருகே கொசஸ்தலையோடு சேர்கிறது. 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுக்கிறது. பூண்டி நிரம்பினால் திறந்துவிடும் வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. மலையில் செல்ஃபி, பூண்டியில் குடிநீர், எண்ணூரில் ட்ரெயினேஜ். மூன்றும் ஒரே ஆறு. ஆற்றுக்கு நடுவில் பெயர் மாறவில்லை. பார்க்கிற ஆள்தான் மாறுகிறார்.

*

என் பள்ளித்தோழனின் அப்பா முகத்துவாரத்தில் மீன் பிடித்தவர். ஒருநாள் அவரிடம் இந்த அமெரிக்கச் சட்டத்தைப் பற்றிப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆத்துக்கு மார்க்கா தம்பி? யாரு பாஸ் போடறது, யாரு ஃபெயில் போடறது? நம்மளுக்குக் காலு சொல்லும். சேத்துல கால வெச்சா உட்டுடும். சாம்பல்ல வெச்சா புட்ச்சுக்கும்."

அவர் கால் சொன்னதற்கு ஆவணமும் இருக்கிறது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், தண்ணீரோடு கலந்து குழாய்களில் ஆற்றைத் தாண்டிச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் கசிந்து, உடைந்து, பல வருடங்களாக ஆற்றுப் படுகையில் சாம்பல் படிந்திருக்கிறது. ஆழம் குறைந்தது. இறால் தங்கும் சேறு மூடிப்போனது. எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர்கள் கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள்; பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நகர்வார்கள். ஆற்றின் அடித்தரையை விரலால் படித்த மனிதர்கள் அவர்கள். ஆற்றை மதிப்பிட ஒரு குழு போடுவதென்றால் அதில் முதல் நாற்காலி யாருக்கு?

நம் நிர்வாகம் வேறுவிதமாக மதிப்பிட்டது. 1991-ல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி 1996-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த தமிழ்நாட்டுக் கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில், அதே இடத்தில் ஆறு இல்லை. குறைத்துக் காட்டவில்லை, இல்லவே இல்லை.

நான் மென்பொருள் எழுதிச் சோறு தின்பவன். எங்கள் தொழிலில் இது நன்றாகப் புரியும். டேட்டாபேஸில் ஒரு விஷயத்துக்குப் பூஜ்யம் என்று போட்டால், "ஏன் பூஜ்யம்?" என்று யாராவது கேட்பார்கள். அந்த வரிசையையே அழித்துவிட்டால் கேள்வியே வராது. ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும். மாசுபட்ட ஆறு என்று ஒத்துக்கொண்டால் சுத்தப்படுத்த வேண்டியிருக்கும். ஆறே இல்லையென்றால் அங்கே நிலக்கரி கன்வேயர் போடலாம், மின்கோபுரம் நடலாம், மண் கொட்டலாம்.

ஈரநிலம் என்றாவது காப்பாற்றலாமே என்பீர்கள். 2022-ல் தென்சென்னையின் பள்ளிக்கரணைக்கும் பிச்சாவரத்துக்கும் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் 2017-ன் ஈரநில விதிகளைப் படித்துப் பாருங்கள். ஆற்றின் ஓடுபாதை ஈரநிலம் ஆகாது. உப்பு விளைவிக்க அமைத்த இடங்கள் ஈரநிலம் ஆகாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் பகுதிகளும் அந்த விதிகளுக்கு வெளியே. ஏனென்றால் அவற்றைக் கடலோரச் சட்டம் பார்த்துக்கொள்ளுமாம். தகவல் உரிமை வழியாக வெளியே வந்த அந்தக் கடலோர வரைபடத்திலோ ஆறே இல்லை. இவர் அவரைக் கைகாட்ட, அவர் இவரைக் கைகாட்ட, நடுவில் நிற்பது எண்ணூர்.

*

இதற்குப் பதிலாக எண்ணூருக்கும் ஓர் "அழகு" சான்றிதழ் கேட்கவா நான் எழுதுகிறேன்? இல்லை. என் வாதம் இதுதான்: ஓர் ஆற்றைப் பாதுகாக்க அது அழகாக இருக்கத் தேவையில்லை. அதை நம்பி இருப்பவர்களில் யாருக்கு மிகச் சுத்தமான தண்ணீர் தேவையோ, அவரை வைத்து அதை மதிப்பிட வேண்டும். இது என் கற்பனை இல்லை. நம் அரசாங்கத்தின் விதியே இதுதான்.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நன்னீருக்கு ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பு வைத்திருக்கிறது. ஏ என்பது கிருமி நீக்கினால் போதும், குடிக்கலாம். பி குளிக்க. சி முறையாகச் சுத்திகரித்துக் குடிக்க. டி மீனும் வனவிலங்கும் வாழ. அதற்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இ என்பது பாசனத்துக்கு, தொழிற்சாலைக் குளிர்விப்புக்கு, கட்டுப்படுத்திய கழிவு வெளியேற்றத்துக்கு. இ வகுப்புக்கு ஆக்சிஜன் அளவே கிடையாது. மீன் மூச்சு விடுகிறதா என்று கேட்கவே வேண்டாம் என்று அர்த்தம்.

எங்கள் அலுவலகத்தில் சர்வர் அலாரம் விடாமல் அடித்தால், சோம்பேறி இன்ஜினியர் ஒருவர் கோளாறைச் சரிசெய்யாமல் அலாரத்தின் எல்லையை உயர்த்திவிடுவார். திரை பச்சையாகிவிடும். ஓர் ஆற்றை இ வகுப்பு என்று எண்ணப் பழகுவதும் அதேதான். மோசமான மதிப்பெண் என்பது எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நடைமுறையில் அது அனுமதிச் சீட்டாகிவிடுகிறது: ஏற்கெனவே கெட்டுப்போனதுதானே, இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன?

எண்ணூர் போல கடல் ஏறி இறங்கும் தண்ணீருக்குத் தனியாக ஐந்து வகுப்பு உண்டு. முதல் வகுப்பு உப்பளம், சிப்பி-மட்டி எடுத்தல், கடல்நீர் வளர்ப்பு, சூழல் கூர்உணர்வுப் பகுதி. மூன்றாவது வகுப்பில் தொழிற்சாலைக் குளிர்விப்பும் அழகுணர்ச்சியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அழகுக்கு நம் விதிப்புத்தகம் தரும் இடம் அவ்வளவுதான். நான்காவது துறைமுகம். ஐந்தாவது கப்பல் போக்குவரத்தும் கழிவும். முதல் வகுப்பில் ஆக்சிஜன் 5 மில்லிகிராம் வேண்டும். கடைசி இரண்டில் 3 போதும்.

சரி, எண்ணூர் எந்த வகுப்பு? அங்கே துறைமுகம் இருக்கிறது, குளிர்விப்பு நடக்கிறது. கூடவே உப்பளமும், மட்டி எடுப்பவர்களும், இறால் தடவுபவர்களும் இருந்த, இருக்கிற இடம். இப்படிப் பல பயன்பாடு இருந்தால் என்ன செய்வது? விதி தெளிவாகச் சொல்கிறது: அவற்றில் எந்தப் பயன்பாடு மிக உயர்ந்த தரமுள்ள தண்ணீரைக் கேட்கிறதோ, அதுதான் அந்த நீர்ப்பரப்பின் சிறந்த பயன்பாடு. அதாவது சட்டத்தின் கணக்குப்படியே அளவுகோல் அனல்மின் நிலையமோ கப்பலோ இல்லை. பல்லில் பறியைக் கடித்திருக்கும் இருளர்தான் அளவுகோல். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் புதிய சட்டம் கேட்டுப் பிச்சையெடுக்க வேண்டியதில்லை. எழுதிவைத்ததை எண்ணூருக்கும் படியுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

*

இரண்டு மறுப்புகள் எப்போதும் வரும்.

ஒன்று: "எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. இன்னும் கெடாத ஆறுகளை முதலில் காப்பாற்றுவோம்." அறிவாளித்தனமாகத் தெரிகிற வாதம். ஆனால் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் நல்ல ஆரோக்கியமாக இருப்பவரை முதலில் உள்ளே கூப்பிடுவதில்லை. உயிருக்குப் போராடுகிற, பிழைக்க வாய்ப்பிருக்கிற ஆளைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணூரில் அலை இன்னும் ஏறி இறங்குகிறது. வலை இன்னும் வீசுகிறார்கள்.

இரண்டு: "கரண்ட் வேண்டாமா?" வேண்டும். இந்தக் கட்டுரையை அடிக்கிற லேப்டாப்பில் எண்ணூர்ச் சாம்பலின் பங்கு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மின்சாரம் வேண்டும் என்பதால் குழாய் ஒழுக வேண்டும் என்று ஆகிவிடாது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. 47 வருடம். ஆலைகளுக்கு ஓய்வு வயது உண்டு. அவை விட்டுப்போகும் படுகைக்கு யார் பொறுப்பு?

பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதை 2017 ஜனவரியில் பார்த்தோம். காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் எங்கள் கரைக்கு வந்தது. வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தையே மூடியது. கூழைக்கடாக்களின் இறக்கையெல்லாம் கறுப்பு. மறுபடியும் மீனவர்கள் கையில் வாளி. கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகளில் கருவி மாறவில்லை.

கடைசியாக, நமக்கு. இலக்கியம் படிக்கிற நமக்கும் ஒரு ரகசியப் பட்டியல் இருக்கிறது. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு பயணம் போய் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' என் அலமாரியில் இருக்கிறது. தாமிரபரணிக்கும் வைகைக்கும் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. கொசஸ்தலைக்கு இல்லை. 2017-ல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பலுக்கு நடுவில் நின்று பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தபோது, அதைப் பகிர்ந்தவர்களில் பலருக்கு அந்த இடம் தங்கள் ஊரிலிருந்து ஒரு லோக்கல் ரயில் தூரம் என்பதே தெரிந்திருக்கவில்லை. வேறொரு தேசத்தில் இலக்கியம் ஆற்றுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. இங்கே நாம் ஆற்றங்கரையின் தென்றலை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், நம்மைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடப்போவதில்லை.

எனவே கேட்க வேண்டியவை மூன்று. 1996-ன் வரைபடத்தை எண்ணூரின் வரைபடமாக நடைமுறைப்படுத்துங்கள். கழிமுகத்தின் நீரை முதல் வகுப்பின் அளவுகோலால் அளந்து, அளவை முகத்துவாரத்திலேயே தமிழில் எழுதி வையுங்கள். அளக்கிற குழுவில் அங்கே தொழில் செய்கிறவர்களை உட்காரவையுங்கள்.

அடுத்த ட்ரெக்கிங் பற்றி அந்த நண்பர் மெசேஜ் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி எண்ணூரில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். பழைய செருப்பு போட்டு வரவேண்டும். கால் மாட்டிக்கொள்ளும்.