கர்ப்பிணியிடம் மட்டும் கேட்டால் போதுமா?

பேறுகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்ணிடம் புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்பது மருத்துவ நடைமுறை. சேலம், நாமக்கல் பகுதிப் பெண்களில் ஏறத்தாழ அனைவரும் இல்லை என்றே விடை தருகின்றனர்; சிலர் கேள்வியைக் கேட்டுச் சிரித்தும் விடுகின்றனர். விடை உண்மைதான். ஆயினும் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் சென்றுவிடுவது போதாது என்பது எங்கள் கருத்து. இங்கே புகையிலை கர்ப்பிணியை வந்தடையும் வழிகள் வேறு: ஒன்று வீட்டு ஆண்களின் பீடி, மற்றொன்று வெற்றிலைப் பை.

வெற்றிலையின்மீது எங்களுக்கு வழக்கு ஏதுமில்லை. பரமத்தி வேலூர், மோகனூர்க் கொடிக்கால்கள் நமது மாவட்டத்தின் பெருமை. நிச்சயதார்த்தம் முதல் வளைகாப்பு வரை தாம்பூலம் இல்லாத நிகழ்ச்சி உண்டா? அதனுடன் சேரும் புகையிலைத் துண்டுதான் சிக்கல். மசக்கையின் குமட்டல் அடங்கும் என்று மூத்த பெண்கள் அன்போடு கொடுப்பதுண்டு. பல்வலிக்கென்று மூக்குப்பொடியை ஈறில் தேய்ப்போர் உண்டு. விசைத்தறியில் இரவு வேலை பார்ப்போர் தூக்கத்தை விரட்டக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதும் உண்டு. இவர்களில் எவரும் தம்மைப் புகையிலைப் பழக்கம் உடையவராக எண்ணுவதில்லை. "வெத்தலை போடுவேன், அவ்வளவுதாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

புகை இல்லாவிடினும் நிகோடின் உண்டு. அது தாயின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, கருவுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. மும்பையில் 1217 கர்ப்பிணிகளைப் பேறு வரை தொடர்ந்து கவனித்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்ததைக் காட்டியது. குறைமாதப் பிறப்பும் அவர்களிடம் மிகுதியாக இருந்தது. 105 கிராம் அற்பமாகத் தோன்றலாம். இரண்டரைக் கிலோவைத் தொடுமா தொடாதா என்று நிற்கும் குழந்தைக்கு அது அற்பமன்று.

இனி ஆண்களின் பீடி. இதைப் பற்றித்தான் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். லாரியிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் வாரக்கணக்கில் வெளியூர் சென்று திரும்பும் கணவர், ஒற்றை அறை வீட்டில் கர்ப்பிணி மனைவியின் அருகே அமர்ந்துதான் பீடியைப் பற்றவைக்கிறார். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜன் அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரத்தச்சோகை உள்ள தாய்க்கோ அந்த இடங்களே ஏற்கெனவே குறைவு. பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை நடைமுறையில் இருக்கிறது. மருத்துவமனைக்கும் உணவகத்துக்கும் சட்டம் உண்டு. கர்ப்பிணி நாளெல்லாம் இருக்கும் வீட்டுக்கு இல்லை.

மாமனார் திண்ணையில் பீடி பற்றவைத்தால் எழுந்து உள்ளே செல்லுமாறு மருமகளுக்கு அறிவுரை கூறுவோர் பலர். மாமனாரை எழுந்து செல்லச் சொல்வோர் அரிது. அவ்வீட்டில் மிகக் குறைந்த குரல் உடையவள் மீதே முழுப் பொறுப்பையும் சுமத்துவது நியாயமாக எங்களுக்குத் தோன்றவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இதையே ஒட்டி நிற்கின்றன: ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கர்ப்பிணியின் புகையிலைப் பழக்கத்தோடு, பிறர் விடும் புகை அவர்மீது படுகிறதா என்பதையும் கேட்க வேண்டும், கணவருக்கும் அறிவுரை வழங்க வேண்டும்.

"எங்க அப்பாரும் பிடிச்சாரு, நாங்க எட்டுப் பேரும் நல்லாத்தானே பொறந்தோம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிறந்து பிழைக்காத உடன்பிறப்புகளை அந்தக் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை. வாசலில் நின்று பிடிப்பதாகக் கூறுவோரும் உண்டு. வீட்டுக்குள் பிடிப்பதைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சட்டையிலும் மூச்சிலும் ஒட்டிய புகை அவருடனேயே உள்ளே வருகிறது.

நிறுத்துவது எளிதென்று நாங்கள் சொல்லமாட்டோம். முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் தலைவலியும் வரும். சில வாரங்களில் அடங்கிவிடும். வாய்க்குச் சோம்போ ஏலக்காயோ போதும். கர்ப்பிணிகள் நிகோடின் மிட்டாயையோ வேறு மாத்திரைகளையோ மருத்துவரைக் கேளாமல் வாங்க வேண்டாம். கருவுற்ற தொடக்கத்திலேயே நிறுத்துவது சாலச் சிறந்தது. ஏழாம் மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். கடைசி மாதங்களில்தான் குழந்தை எடை கூடுகிறது. கணவரும் மனைவியும் ஒரே நாளில் நிறுத்தினால், தீப்பெட்டியும் வெற்றிலைப் பையிலுள்ள புகையிலையும் ஒன்றாகவே வீட்டைவிட்டு வெளியேறும்.

புகையிலை போடுவதைச் சொன்னால் ஏசுவார்களோ என்று அஞ்சும் பெண்களுக்கு ஒரு சொல்: செவிலியரிடம் தனியாகச் சொல்லலாம், மாமியார் முன்னிலையில் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். மனைவிக்குப் பரிசோதனை நடக்கும் நேரத்தை எதிரிலுள்ள தேநீர்க் கடையில் கழிக்காமல் உள்ளே வாருங்கள். மருத்துவரிடம் உங்கள் பழக்கத்தையும் கூறுங்கள். நேரில் பேசத் தயங்குவோர், புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவையைக் கட்டணமின்றி 1800-11-2356 என்ற எண்ணில் அழைக்கலாம். வண்டி ஓட்டுவோர் ஓரமாக நிறுத்திவிட்டு அழையுங்கள்.