ஆண்மை என்பது எது?

நமது நாட்டில் ஒருவனைத் தலைகுனியச் செய்ய வேண்டுமானால் அவனைத் திருடன் என்றோ பொய்யன் என்றோ சொல்ல வேண்டியதில்லை. "நீ ஆண்பிள்ளைதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே போதும். திருடன் என்றால் சாட்சி எங்கே என்பான். பொய்யன் என்றால் சண்டைக்கு வருவான். ஆனால் "நீ ஆண்பிள்ளைதானா?" என்று கேட்டுவிட்டால் மாத்திரம், கேட்டவன் என்ன செய்யச் சொல்லுகிறானோ அதை உடனே செய்துகாட்டப் புறப்பட்டுவிடுகிறான். குடிக்கமாட்டேன் என்றிருந்தவன் குடிக்கிறான். பெண்டாட்டியை அடிக்கமாட்டேன் என்றிருந்தவன் அடிக்கிறான். கடன் வேண்டாம் என்றிருந்தவன் தங்கை கலியாணத்தின் படாடோபத்துக்காக நிலத்தை ஈடு வைக்கிறான். மனிதனை இவ்வளவு சுலபமாக ஆட்டிவைக்கும் ஒரு சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள் என்பதை நாம் ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்க வேண்டாமா?

கேட்டால், "இது என்ன கேள்வி? ஆண்மை என்பது இயற்கை, ஆண்டவன் படைக்கும்போதே ஆணுக்கு ஒருவிதமும் பெண்ணுக்கு ஒருவிதமுமாகக் குணங்களைப் பங்கிட்டு வைத்துவிட்டான்" என்று நமது பெரியவர்கள் சொல்லுவார்கள். நல்லது. இயற்கை என்று சொல்லப்படுகிற எதற்கும் ஒரு பரீட்சை உண்டு. நெருப்பு மதுரையிலும் சுடுகிறது, மாஸ்கோவிலும் சுடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னும் சுட்டது, இன்றும் சுடுகிறது. ஆண்மை என்பதும் அதுபோல் இயற்கையானால், எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அப்படி இருந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

ஆண் உடலும் பெண் உடலும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. குரல் தடிப்பதும், மீசை முளைப்பதும், பிள்ளை பெறும் உறுப்பு ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாதிருப்பதும் இயற்கைதான். ஆனால், மீசை முளைத்தவன் அழக்கூடாது, அடுப்பண்டை போகக்கூடாது, பெண்ணுக்கு அடங்கிய பேச்சுப் பேசக்கூடாது என்பனவெல்லாம் எந்த உடலில் எழுதியிருக்கின்றன என்பதுதான் நமது கேள்வி.

முதலாவதாக, வேஷத்தை எடுத்துக்கொள்ளுவோம். பிரான்சு தேசத்தை ஆண்ட 14வது லூயி (1638-1715) ஐரோப்பாவையே நடுங்கச்செய்த அரசன். 1701-ம் வருஷத்தில் எழுதப்பட்ட அவன் படத்தில் அவன் எப்படி நிற்கிறான்? தோளில் புரளும் சுருட்டைமயிர் டோப்பா. தொடைவரை பட்டுக் காலுறை. காலில் சிவப்புக் குதி உயர்ந்த ஜோடு. அவன் சபையில் அந்தச் சிவப்புக் குதி பிரபுக்களுக்கு மாத்திரமே உரிய கௌரவமாயிருந்தது. குதி உயர்ந்த ஜோடே குதிரைச் சவாரி செய்யும் பாரசீக ஆண்கள், அங்கவடியில் கால் நிலைத்து நிற்பதற்காகப் போட்டுக்கொண்டதுதான். அன்று குதிரைவீரன் அணிந்ததை இன்று ஒரு வாலிபன் அணிந்து கடைவீதியில் நடந்தால் நமது ஜனங்கள் கைகொட்டிச் சிரிக்கமாட்டார்களா?

ருஷியாவில் தாடி இல்லாத ஆண், கடவுள் கொடுத்த உருவத்தைக் கெடுத்துக்கொண்ட பாவி என்று அந்நாட்டு வைதீகர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பீட்டர் அரசன் 1698-ல் மேல்நாட்டு யாத்திரையிலிருந்து திரும்பியதும், கத்தியைக் கையில் எடுத்துப் பிரபுக்களின் தாடியைத் தானே வெட்டினான். 1705-ல் தாடி வைத்துக்கொள்ளுவோருக்கு வரியே போட்டான். கடவுள் கொடுத்த உருவம் சில வருஷத்தில் நாவிதன் கையில் மாறிப்போயிற்று! சீனாவில் 1645-ல் மஞ்சு அரசாங்கம், ஆண்கள் எல்லோரும் முன்தலையைச் சிரைத்துப் பின்னால் ஒற்றைச் சடை தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, அது தங்கள் மானத்துக்குக் குறைவு என்று மறுத்து உயிர் விட்டவர்கள் ஏராளம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து 1911-12-ல் புரட்சிக்காரர்கள் அந்தச் சடையை அறுத்தெறியச் சொன்னபோது, அது போனால் மானம் போய்விடும் என்று மறுத்தவர்களும் அதே சீனர்களின் சந்ததியார்தான்.

சீனாவுக்குப் போவானேன்? நமது பாட்டன்மாரும் பூட்டன்மாரும் குடுமியும் கடுக்கனுமாக இருந்தவர்கள்தானே? கிராப்பு வெட்டிக்கொண்டவனை ஊர் கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதே வீட்டுப் பேரன் மயிர் வளர்த்துக் காதில் ஒரு கம்மல் போட்டால், "பொம்பிளை மாதிரி இது என்ன வேஷம்?" என்று தகப்பன் சீறுகிறான். சீறுகிற தகப்பனுக்குப் பின்னால் சுவரில், குடுமியும் கடுக்கனுமாகப் பாட்டனார் படம் தொங்கிக்கொண்டிருக்கிறது! பச்சைக் குழந்தையின் சட்டையில்கூட இந்தப் பைத்தியம் புகுந்திருக்கிறது. இளஞ்சிவப்பு பெண்குழந்தை நிறம் என்று இன்று கடைக்காரர்கள் விற்கிறார்கள். 1918-ல் அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளின் பத்திரிகை ஒன்று, இளஞ்சிவப்பு அழுத்தமான நிறமாதலால் ஆண்குழந்தைக்கே ஏற்றது, நீலம் மென்மையாதலால் பெண்குழந்தைக்கு ஏற்றது என்று எழுதிற்று.

இனி, ஆண்பிள்ளை அழக்கூடாது என்பதைப் பார்ப்போம். கிரேக்கர்களின் பழங்காவியத்தில் மகாவீரனாகிய அக்கிலஸ், தோழன் இறந்ததற்காக மண்ணில் புரண்டு கதறுகிறான். வால்மீகியின் ராமன், சீதையைக் காணோம் என்று மரத்தையும் மிருகத்தையும் கேட்டு அழுகிறான். இவைகளை நடந்த சம்பவங்களாக நாம் நம்புகிறவர்களல்ல. ஆனால் கதை கட்டினவன் தன் வீரனைத் தாராளமாக அழவிட்டிருக்கிறான் என்றால், அக்காலத்தில் கேட்டவர்கள் அந்த அழுகையை ஆண்மைக்குக் குறைவாக நினைக்கவில்லை என்பது விளங்கவில்லையா? அந்த ராமனுக்கு உற்சவம் நடத்துகிறவர்களே தங்கள் பிள்ளை அழுதால் "பெண் மாதிரி அழாதே" என்று அதட்டுவதுதான் வேடிக்கை.

நிற்க, வீரம் என்பதுதான் ஆண்மையின் உயிர்நாடி என்பார்கள். அதையும் கவனிப்போம். இந்நாட்டை வெள்ளைக்காரக் கம்பெனியார் பிடித்தது யாரைக்கொண்டு? 1757-ல் பிளாசிக்குக் கிளைவ் சென்னையிலிருந்து சிப்பாய்களைக் கொண்டுபோனார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையை விழச்செய்ததிலும் சென்னைச் சிப்பாய்களுக்குப் பங்கு உண்டு. அன்று இவர்கள் வீரர்கள். 1857-ல் வங்காளப் பட்டாளம் கலகம் செய்தது. அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள், இந்தியாவில் சில ஜாதியார்தான் "போர் ஜாதியார்" என்று புதிதாக ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனாதிபதியாயிருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் சேனாதிபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்கள் யுத்தத்துக்கு லாயக்கற்றவர்கள் என்று முடிவு செய்தார். தமிழ், தெலுங்குப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. பிறகு 1939-ல் தொடங்கிய பெரும் யுத்தத்தில் ஆள் போதாமல் போகவே, மறுபடியும் சென்னைப் பட்டாளம் எழுப்பப்பட்டது, மறுபடியும் வீரர்களாகிவிட்டார்கள்! வங்காளிகள் உடம்பிலும் உள்ளத்திலும் பெண் தன்மை உடையவர்கள் என்று மெக்காலே 1841-ல் எழுதினார். அந்த வங்காளத்தில்தான் 1908-ல் குதிராம் போஸ் என்னும் 18 வயதுப் பையன் வெள்ளையனை எதிர்த்துத் தூக்குமேடை ஏறினான்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியதென்ன? ஆண்மை என்னும் பட்டம் அதிகாரத்தில் இருப்பவன் தன் தேவைக்கு ஏற்பக் கொடுப்பதும் பிடுங்குவதுமாயிருக்கிறது என்பதுதானே? வெள்ளைக்காரன் தன் சௌகரியத்துக்காக ஒட்டிய சீட்டை இன்றைக்கும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, "நாங்கள் வீர பரம்பரை" என்று ஜாதிச் சங்கம் வைத்து மீசை முறுக்குகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கும்படி வேண்டுகின்றோம். அன்றியும், வாளையே தொடாமல் தர்ப்பையைத் தொட்டுக்கொண்டிருந்த பார்ப்பானை ஆண்மையற்றவன் என்று எந்த சாஸ்திரமாவது சொல்லிற்றா? ஊருக்கு உழைக்கிறவனுக்கு உடல்வலியும், ஆளுகிறவனுக்கு ஆயுதமும், உட்கார்ந்து உண்பவனுக்கு மந்திரமும் ஆண்மை என்று வருணத்துக்கு ஒருவிதமாக வைத்தவர்கள், ஒரே ஒரு விஷயத்தில் மாத்திரம் எல்லா வருணத்தாரையும் ஒன்று சேர்த்தார்கள். அதாவது, பெண் பிள்ளைப்பருவத்தில் தகப்பனுக்கும், வாலிபத்தில் கணவனுக்கும், வயோதிகத்தில் மகனுக்கும் கட்டுப்பட்டவள் என்று மனுதர்மம் சொல்லுவதில்தான். மிகக் கீழே தள்ளப்பட்டவனுக்கும் தன் காலின்கீழ் ஒருத்தி இருக்கிறாள் என்ற சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டால், அவன் தன் தலைமேல் இருப்பவனைக் கவனிக்கமாட்டான் அல்லவா?

குடும்பத்துக்குத் தலைவனாயிருப்பதும் இயற்கையல்ல. மலையாளத்து நாயர்கள் பல நூற்றாண்டு காலம் மருமக்கத்தாயப்படி வாழ்ந்தார்கள். பிள்ளைகள் தாய் வீட்டைச் சேர்ந்தவர்கள், சொத்து தாய்வழி இறங்கிற்று, தகப்பன் வந்துபோகிறவன், காரியம் பார்த்தவன் மாமன். சுமத்திரா தீவில் மினங்கபாவு மக்கள் இஸ்லாத்தைத் தழுவியும் இன்றளவும் வீட்டையும் நிலத்தையும் பெண்வழியே விட்டுவருகிறார்கள். அங்கெல்லாம் ஆண்கள் ஆண்களாகவேதான் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் பழங்கதை, இதனால் இன்று யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டத்துக்குக் கணக்கே இருக்கிறது. இந்திய அரசாங்கம் 2019-21-ல் எடுத்த குடும்பநலக் கணக்கின்படி, கலியாணமாகிய பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் நூறு பேரில் ஏறக்குறைய 38 பேர் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட தம்பதிகளோ ஆயிரத்துக்கு 3 பேர்தான். பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன். ஆணுக்குச் செய்யும் வாசக்டமி, மரத்துப்போக ஒரு ஊசி போட்டு அரைமணி நேரத்துக்குள் முடிகிற காரியம். அன்றே வீட்டுக்குப் போகலாம். 1974-ல் சீன வைத்தியர் ஒருவர் கண்டுபிடித்த முறையில் கத்தியும் தையலும்கூட வேண்டியதில்லை. விதையை யாரும் எடுப்பதில்லை. விந்தணு வரும் குழாயை மாத்திரமே தடுக்கிறார்கள். ஆண் தன்மைக்குரிய சத்து முன்போலவே ரத்தத்தில் ஊறிக்கொண்டிருக்கும்; மீசையும் போகாது, பலமும் போகாது, சுகமும் போகாது. சுமார் மூன்று மாதம் கழித்து விந்தைப் பரிசோதித்து அணு இல்லையென்று தெரியும்வரை வேறு தடை உபயோகிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இவ்வளவு சுலபமானதை விட்டுவிட்டு, மூன்று பிள்ளை பெற்று ரத்தம் கெட்டுக்கிடக்கிற மனைவியையே மறுபடியும் மேஜைமேல் படுக்கவைப்பது ஏன்? "ஆண்மை போய்விடும்" என்ற ஒரு பயம்தானே? அதே கணக்கில், கருத்தடை பெண்கள் காரியம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்று சொன்ன ஆண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! இதுவும் எப்பொழுதும் இப்படி இருந்ததல்ல. 1971 ஜூலை மாதத்தில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கு மேற்பட்ட ஆண்கள் வந்து செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடிக் காலத்தில், 1976-77 ஒரு வருஷத்தில் மாத்திரம் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டது. அவர்களில் பலரை மிரட்டியும் பிடித்திழுத்தும் செய்த அக்கிரமத்தை நாம் ஒருக்காலும் நியாயம் என்று சொல்லமாட்டோம். ஆனால், அந்த அக்கிரமத்துக்குப் பிறகு அரசாங்கம் செய்ததென்ன? ஓட்டுக்குப் பயந்து ஆண்களை விட்டுவிட்டு, அந்தப் பாரத்தை அப்படியே பெண்கள் தலையில் இறக்கிவைத்தது. பெண்களைக் கேட்டார் உண்டா?

குழந்தை இல்லாத வீட்டிலும் இதே கதைதான். பிள்ளையில்லாத தம்பதிகளில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஆணிடத்திலும் குறை இருப்பதாக வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஆனால், அரசமரத்தைச் சுற்றுகிறவள் யார்? மலடி என்று பெயர் வாங்குகிறவள் யார்? ஒருமுறை விந்தைப் பரிசோதித்துக்கொள் என்றால் "என் ஆண்மையைச் சந்தேகிக்கிறாயா?" என்று குதிக்கிறவன், இரண்டாம் கலியாணத்துக்கு மாத்திரம் கூசாமல் புறப்படுகிறான்.

ஆண்களாவது இதனால் சுகப்படுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,000-க்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 70-க்கு மேல் ஆண்கள். கடனும், நோயும், வேலையில்லாமையும், குடும்பச் சண்டையும் காரணமாயிருக்கலாம். ஆனால், கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லுவது பெண்தன்மை, உதவி கேட்பது கேவலம் என்று சிறுவயது முதல் சொல்லி வளர்க்கப்பட்டவன், கஷ்டம் வந்தால் யாரிடம் போவான்? அழுவதற்கு அனுமதியில்லாதவனுக்குக் கயிறுதானா துணை?

மாற்றினால் குடி கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு, பெண்களுக்கு ஆண்களைப்போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 60 வருஷம் கழித்து 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுமைக்கும் வந்தது. எந்த ஆணுக்கு மீசை உதிர்ந்துவிட்டது? எந்தக் குடும்பம் கடலில் மூழ்கிவிட்டது?

தமிழ் வார்த்தையைக் கேட்டாலும் இதே நியாயம்தான் கிடைக்கும். பிறன் மனைவியை இச்சித்துப் பாராதிருப்பதைத்தான் பேராண்மை என்று குறள் ஓரிடத்தில் சொல்லுகிறது. மற்றோரிடத்தில், பகைவனுக்குக் கஷ்டம் வந்தபோது உதவுவதை அந்தப் பேராண்மையின் கூர்மை என்கிறது. தன்னை அடக்குவதும் பிறருக்கு உதவுவதும் ஆண்மையானால், அவை பெண்ணுக்கும் முடிகிற காரியங்களே அல்லவா? அப்படியானால், அதற்கு ஆண்மை என்று தனிப்பெயர் எதற்கு? மனிதத்தன்மை என்றே சொல்லிவிடலாமே!

ஆகவே வாலிபத் தோழர்களே! "நீ ஆண்பிள்ளைதானா?" என்று இனி ஒருவன் உங்களைக் கேட்டால், கோபப்பட வேண்டாம்; "எந்த நாட்டு, எந்தக் காலத்து ஆண்பிள்ளையைக் கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். போதும் என்ற அளவுக்குப் பிள்ளை பெற்றவர்கள், மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் தாங்கள் போங்கள். பிள்ளையில்லாதவர்கள் இருவரும் சேர்ந்தே வைத்தியரிடம் போங்கள். மகன் அழுதால் ஏன் அழுகிறான் என்று கேளுங்கள். மகள் எதிர்த்துப் பேசினால் நியாயம் யார் பக்கம் என்று பாருங்கள். இவைகளைச் செய்வதற்குச் சட்டமும் வேண்டாம், சாமியும் வேண்டாம். கொஞ்சம் அறிவும், ஊர் சிரிக்குமே என்ற பயத்தைத் தள்ளிவிடும் தைரியமும் இருந்தால் போதும் என்பதே நமது அபிப்பிராயம்.