பழைய கணனியும் புதிய பூட்டும்



சென்ற மாதம் டோஸ்ட்ருப்பில் ஓர் அங்கத்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிய றவுட்டர் வந்த நாள் முதல் ஐயாவின் பழைய மடிக்கணனி இணையத்தோடு சேர மறுத்துவிட்டது. ஆகவே மகன் கடவுச்சொல்லையே எடுத்துவிட்டு வைஃபையைத் திறந்து விட்டிருந்தார். "இந்த ஊரில் யார் வந்து களவெடுக்கப் போகிறார்கள்?" என்று ஐயா கேட்டார்.

களவு மாத்திரமல்ல விடயம். 2008 ஜூலை 26இல் அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சற்று முன்னர் வந்த மின்னஞ்சலின் தடம், நவி மும்பாயில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபைக்கே போய் நின்றது. வேறு யாரோ அதனைப் பாவித்திருந்தனர். விசாரணையும் அலைச்சலும் அவருக்கு.

பூட்டு இருந்தாலும் எந்தப் பூட்டு என்பது முக்கியம். 1997இல் வந்த 'வெப்' என்ற முறையின் பலவீனம் 2001இலேயே வெளிப்பட்டது. 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அதனை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினர். 2003இல் டபிள்யு.பி.ஏ., 2004இல் அதன் இரண்டாம் பதிப்பு, 2018இல் மூன்றாம் பதிப்பு வந்தன. ஒரேயொரு பழைய கணனிக்காக முழு வீட்டையும் 'வெப்'புக்கு இறக்கினால், பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளும் அதே ஓட்டைப் பூட்டுக்குள்தான் அடங்கும்.

அப்படியாயின் பழையதை எறிவதா? வேண்டாம். றவுட்டரில் இரண்டாம், மூன்றாம் பதிப்புகள் கலந்த அமைப்பு இருக்கும். 2006இற்குப் பின் வாங்கிய கணனிகளிற் பெரும்பாலானவை இரண்டாம் பதிப்பை அறியும். விண்டோஸ் எக்ஸ்.பி. உள்ளதாயின், 2008இல் வந்த மூன்றாவது சேவைப் பொதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் கேபிள் பூட்டுங்கள். கேபிளுக்கு வைஃபைக் கடவுச்சொல் தேவையில்லை.

ஆனால் ஒன்று. எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலுடன் நின்றுவிட்டன. கேபிள் பூட்டினாலும் அந்தக் குறை தீராது. அதில் பழைய படங்கள் பாருங்கள், கடிதம் தட்டச்சுச் செய்யுங்கள். வங்கிக்கும் மிட்ஐடிக்கும் அதனைக் கிட்ட விடாதீர்கள். அந்தக் கணனியை இணையத்தோடு இணைக்காமலே வைத்திருப்பது இன்னும் நல்லது என்று ஐயாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டினார், கேட்டாரா தெரியவில்லை.

றவுட்டருக்கு மீண்டும் கடவுச்சொல் போட்டாயிற்று. கேபிள் நீளம் போதாததால் ஐயாவின் மடிக்கணனி இப்போது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது.